பூண்டு போடாத கிண்ணம்

ஏப்ரல் மூன்றாம் வாரம்.
பனி கரைந்த மறுநாளே
ஜூனிப்பர் புதரடியில், ஒவ்வொரு புல்லின் நுனியிலும்
முன்னங்கால் இரண்டையும் நீட்டி
உட்கார்ந்துவிட்டன,
பேருந்தை மறிக்க நிற்பவர்கள் போல.
மூஹு தீவில் இதற்கு யாரும் ஆச்சரியப்படுவதில்லை.

எனக்குப் படகுத்துறையில் வேலை.
கார்களை வரிசையில் நிறுத்திக் கையசைப்பேன்.
மூரி கூடவே வருவான்,
கறுப்பு உடம்பு, ஒரு காது மட்டும் மடங்கியவன்.
போன மே மாதம்
பீட்ரூட் சாறு நிறத்தில் சிறுநீர் போனான்.
நாலு நாள் தலை தூக்கவில்லை.
படகு ஊதியபோதும் தூக்கவில்லை.

அதிலிருந்து ஆளுக்கொரு பக்குவம்.
"தினம் ஒரு பல் பூண்டு" என்றாள் ஐலி,
என் நாத்தனார், அவள் சொன்னால் சட்டம்.
"ஈஸ்ட்" என்றார் பக்கத்து வீட்டு ஹில்லார்,
வீட்டில் காய்ச்சும் பீரின் அடியில் தேங்கிய
சாம்பல் வண்டலை
ஊறுகாய்ப் புட்டியில் அடைத்து நீட்டியபடி.
"ரத்தம் கசக்கும். கடித்தது துப்பிவிட்டு ஓடும்.
தெள்ளுப்பூச்சிக்கும் இதேதான்."
தண்ணீரில் ஒரு மூடி வினிகர், இது மளிகைக் கடையில்.
ஒருவரும் காசு கேட்கவில்லை.
அதனால்தான் நம்பினேன் போலிருக்கிறது.

பூண்டை நசுக்கிக்கொண்டிருந்தேன், போன் வந்தது.
குரெஸ்ஸாரேயிலிருந்து கைசா, மிருக வைத்தியர்.
ரத்தப் பரிசோதனை சுத்தம் என்றாள்.
பேச்சோடு பேச்சாக நானும் சொன்னேன்.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம்
யாருடைய பூனையோ மட்டும் கத்தியது.

"கத்தியைக் கீழே வை.
உனக்கு அது சூப்புக்கு வாசனை.
அவனுக்கு, ரத்தத்தின் சிவப்பை உடைக்கிற சுத்தியல்.
போன வருடம் உண்ணி செய்த வேலையை
இந்த வருடம் நீ செய்யப்போகிறாயா?

வண்டலும் வேண்டாம். அதில் ஹாப்ஸ் பூ இருக்கும்,
நாய்க்கு விஷம்.
நான் சொன்னதாக ஹில்லாரிடம் சொல்லிவிடாதே,
கிறிஸ்துமஸுக்கு எனக்கு இரண்டு கேன் வரும்."

பிறகு என்னதான் போட?

"நல்ல சாப்பாடு போடு. மீன் போடு.
தோல் வறளாமல் இருக்கட்டும்,
முடி படிந்திருந்தால் ஊர்வது உன் கண்ணில் படும்.
அவ்வளவுதான் கிண்ணத்தால் ஆகும்.
உண்ணி மெனு பார்த்து உட்காருவதில்லை.
மாதம் ஒரு மாத்திரை,
தினம் பத்து விரல்."

உண்ணி.
பேரிலேயே பசியோடு பிறந்தது.
அதன் எதிரே கிண்ணத்தை வைத்து
நான் பேரம் பேசியிருக்கிறேன்.

நசுக்கிய பூண்டை வீணாக்குவானேன்.
கறுப்பு ரொட்டியை எண்ணெயில் வறுத்து
முழுப் பூண்டையும் தேய்த்து நானே தின்றேன்.
மூச்சுவிட்டால் ஜன்னல் மங்கும் அளவுக்கு.
அன்று இரவு குளிக்கப் போனபோது
என் முழங்காலுக்குப் பின்னால் ஒன்று,
தலை உள்ளே, கால் வெளியே,
நிம்மதியாக.

இப்போது எங்கள் மாலை இப்படி:
ஹெரிங் மீனை வேகவைத்து முள் எடுத்து
ஓட்ஸோடு பிசைகிறேன்.
ஒன்றாம் தேதி மட்டும் ஈரல் துண்டுக்குள் மாத்திரை.
ஈரலைத் தின்று மாத்திரையைத் துப்புவான்.
மறுபடி ஒளிப்பேன். மறுபடி துப்புவான்.
மூன்றாவது ஈரலுக்கு இருவரும் சமாதானம்.
பிறகு விளக்கடியில் சீப்பு,
கழுத்துப் பட்டைக்குக் கீழே, கால்விரல் இடுக்கில்,
மடங்கிய காதைப் புரட்டி.
அவன் பெருமூச்சு விடுவான்,
வரி கட்டுகிறவன் மாதிரி.

நேற்று அந்தக் காதுக்குள் எள்ளளவு ஒன்று.
மாத்திரையில் ஏற்கெனவே பாதி மயங்கியிருந்தது.
இடுக்கியால் நேராக இழுத்து எடுத்தேன்.
போடுவதற்கு ஏதாவது வேண்டுமே என்று
அலமாரியில் கை துழாவியது.
ஊறுகாய்ப் புட்டி.
மூடியைத் திறந்ததும் குப்பென்று பீர்.
சாம்பல் வண்டலில் எட்டுக் காலும் ஒரு சுற்றுச் சுற்றி
அடங்கின.

காலையில் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து
ஹில்லார் கேட்டார், என் ஈஸ்ட் எப்படி?
நன்றாக வேலை செய்கிறது என்றேன்.
பொய் சொல்லவில்லை.